தராசில் 'போர்டு போச்சு' என்று சொன்னால்...

மளிகைக் கடைக்கு மூலதனம் எது என்று கேட்டால் சிலர் சரக்கு என்பார்கள், சிலர் கல்லாவில் உள்ள ரொக்கம் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் சரக்கு இருந்து, ரொக்கமும் இருந்து, தராசு மட்டும் வேலை செய்யாமல் நின்றுவிட்டால் அன்றைய வியாபாரம் என்ன ஆகும் என்பதை அனுபவப்பட்ட வியாபாரிகள் அறிவார்கள். திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டம் சேரும்போதோ, அம்பகரத்தூர் பத்ரகாளியம்மன் கோயில் திருவிழாவின் போதோ, தீபாவளிக்கு முந்தைய வாரத்திலோ இது நடந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்படித் தராசு நின்றதும் நாம் என்ன செய்கிறோம்? பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் செல்கிறோம். அவர் திறந்து பார்த்து, "போர்டு போச்சு, மாத்தணும்" என்கிறார். புது போர்டின் விலையைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் போட்டுப் புதுத் தராசே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. பழைய தராசு பரணுக்குப் போகிறது.

போர்டு போச்சு என்ற சொல்லுக்குப் பல நேரங்களில் பொருள், அந்த போர்டில் உள்ள ஏதோ ஒரு சிறு உதிரிப் பாகம் போய்விட்டது என்பதே. அதை மட்டும் மாற்றுவதற்கு இன்று வழி இருக்கிறது. சூடான காற்றைக் கொண்டு அந்தப் பாகத்தை எடுத்து, வேறொன்றை வைத்துப் பற்றவைக்கும் வேலை அது. அந்த வேலை எப்படி நடக்கிறது, அதில் நம் காசும் நம் பெயரும் எங்கே சிக்கியிருக்கின்றன என்பதை ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கொல்லன் கையிலிருந்து மெக்கானிக் கைக்கு

நம் முன்னோர் படி, வீசை, பலம், சேர் என்று அளந்து விற்றார்கள். 1956-ல் எடையளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் நடைமுறைக்கு வந்தன. கோல் தராசும், மேசைத் தராசும், இரும்பு எடைக்கற்களும் கடைகளை ஆண்ட காலம் அது. அந்தத் தராசில் பழுது என்றால் கண்ணுக்குத் தெரியும். முள் சாயும், தட்டு வளையும், கத்திமுனை தேயும். சரி செய்பவர் என்ன செய்தார் என்பதையும் நாம் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது.

எலக்ட்ரானிக் தராசு வந்தபின் அந்த நிலைமை மாறிவிட்டது. பழுதும் கண்ணுக்குத் தெரிவதில்லை, சரி செய்ததும் தெரிவதில்லை. நாம் பார்ப்பதெல்லாம் சிவப்பு எண்கள் மட்டுமே. எண் எரிந்தால் தராசு சரி என்று நினைத்துக்கொள்கிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தராசின் வயிற்றுக்குள்

தட்டின் அடியில் ஒரு அலுமினியக் கட்டை இருக்கும். இதற்கு 'லோடு செல்' என்று பெயர். தட்டில் சரக்கை வைத்ததும் அந்தக் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டியுள்ள மெல்லிய உலோகப் பட்டைகள் நீண்டும் குறுகியும் தம் மின்தடையை மாற்றிக்கொள்கின்றன. இந்த மாற்றம் நான்கு சிறு கம்பிகள் வழியாக போர்டுக்குப் போகிறது. இரண்டு கம்பிகள் மின்சாரத்தைக் கொண்டுசெல்ல, மற்ற இரண்டு எடையின் செய்தியைத் திருப்பிக் கொண்டுவருகின்றன. போர்டில் உள்ள ஒரு ஐ.சி. அந்தச் செய்தியை எண்ணாக மாற்றுகிறது. இன்னொரு ஐ.சி. அந்த எண்ணைக் கிலோவாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது.

இந்தச் செய்தி எவ்வளவு மெல்லியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 கிலோ கொள்ளளவுள்ள லோடு செல்லுக்கு 5 வோல்ட் மின்சாரம் கொடுத்தால், முழு எடைக்கும் அது திருப்பித் தருவது சுமார் 10 மில்லிவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு. 5 கிராமுக்கு என்று பிரித்தால் 2 மைக்ரோவோல்ட் கூட வராது. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் மைக்ரோவோல்ட். இத்தனை நுண்ணிய செய்தி ஓடும் பாதையில் சிறிது உப்பு ஈரமோ, துடைக்காமல் விட்ட பசையோ இருந்தாலும் எடை ஆடும். பற்றவைப்பில் காட்டும் அலட்சியம் தட்டில் கிராமாக வந்து நிற்கும்.

நம் பகுதியில் ஏன் அதிகம் கெடுகிறது?

காரைக்கால் பகுதி கடலோரம். அம்பகரத்தூர் சற்று உள்ளே தள்ளி இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றுக்கு விலக்கில்லை. உப்பும் ஈரமும் சேர்ந்தால் போர்டின் செம்புப் பாதைகளில் பச்சைக் களிம்பு பூக்கும். இதோடு மளிகைக் கடைக்கே உரிய விருந்தாளிகளும் உண்டு. வெல்லப் பாகு, மாவுத் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை தராசின் உள்ளே இறங்குகின்றன. அந்த வாசனைக்கு எறும்பும் கரப்பானும் குடியேறுகின்றன. கல்லுப்பு மூட்டைக்குப் பக்கத்திலேயே தராசை வைப்பவர்களும் இருக்கிறார்கள். மின்சாரம் போய்த் திரும்பும்போது வரும் அதிர்ச்சி வேறு. 2018 நவம்பரில் 'கஜா' புயல் போன்ற பேரிடர் வந்து, கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தராசு நின்றதும் போர்டைச் சந்தேகிக்கும் முன் வெளியில் உள்ளவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. சார்ஜர் வேலை செய்கிறதா? பாட்டரி எத்தனை ஆண்டு பழையது? தட்டின் அடியில் காகிதமோ, பருப்போ சிக்கி முட்டுக்கொடுக்கிறதா? தராசு சமதளத்தில் நிற்கிறதா? மின்விசிறிக் காற்று நேராகத் தட்டில் அடிக்கிறதா? இவற்றிலேயே பல 'பழுதுகள்' தீர்ந்துவிடும். ஆனால் முத்திரையிட்ட சீலை மட்டும் நாமே உடைத்துத் திறக்கக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்வோம்.

சூடான காற்று என்ன செய்கிறது?

பழைய வானொலிப் பெட்டியில் உதிரிப் பாகங்களுக்குக் கால்கள் இருக்கும். அவற்றை போர்டின் துளைகளில் நுழைத்து, பின்பக்கம் சால்டரிங் ஐயனால் ஈயம் வைப்பார்கள். 1960-களில் அமெரிக்காவில் வேறொரு முறை உருவானது. துளையே இல்லாமல், போர்டின் மேற்பரப்பிலேயே பாகங்களை ஒட்டவைப்பது. 1980-களுக்குப் பிறகு உலகமெங்கும் இதுவே வழக்கமாகிவிட்டது. இப்போது வரும் ஒரு மின்தடை 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். கசகசா, கடுகு அளவுதான். ஐ.சி.யின் பதினாறு கால்களும் ஒன்றேகால் மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கும்.

ஒரு காலைச் சூடாக்கினால் அடுத்த கால் இறுகிவிடும். எனவே சாதாரண ஐயனால் இதைக் கழற்றுவது கடினம். எல்லாக் கால்களையும் ஒரே சமயத்தில் உருக்கக் கூடியது சூடான காற்று. செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் சிறு குழாயுடன் ஒரு பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இந்தக் கருவி. பிளோயர் என்றும், எஸ்.எம்.டி. மெஷின் என்றும் சொல்வார்கள்.

வேலை தெரிந்தவர் செய்யும் முறை இது. முதலில் பாட்டரியையும் லோடு செல் இணைப்பையும் கழற்றிவிடுவார். பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் இணைப்பான்களையும், உருளை வடிவக் கப்பாசிட்டர்களையும் வெப்பம் தாங்கும் டேப்பால் மூடுவார். பழுதான பாகத்தின் கால்களில் 'ஃப்ளக்ஸ்' என்னும் பசையைத் தடவுவார். ஈயம் நன்றாக ஓடுவதற்கு அது உதவும். பிறகு 300 முதல் 350 டிகிரி வரை வைத்த காற்றை, ஒரே இடத்தில் நிறுத்தாமல், சுற்றிச் சுற்றிக் காட்டுவார். ஈயம் பளபளவென்று மின்னும்போது உருகிவிட்டது என்று பொருள். அப்போது இடுக்கியால் மெதுவாகத் தூக்கினால் பாகம் தானாகக் கையோடு வரும்.

அவசரக்காரர் தவறுவது இந்த இடத்தில்தான். ஈயம் முழுக்க உருகுமுன் இழுத்தால், அடியில் உள்ள செம்புத் தகடும் பெயர்ந்து வந்துவிடும். அதன்பின் உண்மையிலேயே 'போர்டு போச்சு'. காற்றை அதிகச் சூட்டில் ஒரே இடத்தில் நிறுத்தினாலும் போர்டு கருகி உப்பும்.

பழைய ஈயத்துக்கும் புது ஈயத்துக்கும் வேறுபாடு உண்டு. காரீயம் கலந்த பழைய வகை 183 டிகிரியில் உருகும். ஐரோப்பிய நாடுகள் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தபின், காரீயமில்லா வகை பரவிவிட்டது. வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த அந்த வகை உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். பழைய போர்டில் பழகிய கை, புது போர்டில் பொறுமையிழந்து இழுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாகம் வந்தபின், அந்த இடத்தில் மிஞ்சிய ஈயத்தைச் செம்புப் பின்னலால் ஒற்றி எடுத்துச் சமப்படுத்த வேண்டும். புது ஐ.சி.யின் ஒரு மூலையில் சிறு புள்ளி இருக்கும். அது போர்டில் உள்ள குறியோடு பொருந்த வேண்டும். மாறி வைத்தால் மின்சாரம் கொடுத்த கணமே புது ஐ.சி.யும் போய்விடும். மறுபடி சூடு காட்டும்போது, உருகிய ஈயமே பாகத்தை இழுத்துச் சரியான இடத்தில் உட்கார வைக்கும். இது பார்க்க அழகான காட்சி. பிறகு தானாக ஆற விட வேண்டும். வாயால் ஊதக் கூடாது. கடைசியாக, மிஞ்சிய பசையைச் சுத்தமான ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். 2 மைக்ரோவோல்ட் கணக்கை இங்கே நினைவில் கொள்ளுங்கள். துடைக்காமல் விட்ட பசை ஈரத்தை இழுக்கும். இன்று சரியாகக் காட்டும் தராசு அடைமழையில் ஆட்டம் காட்டும்.

இன்னொன்றையும் மளிகைக்காரர்கள் கவனிக்க வேண்டும். இந்த வேலையை உங்கள் கடை மேசையில், அரிசிக்கும் பருப்புக்கும் பக்கத்தில் வைத்துச் செய்ய அனுமதிக்காதீர்கள். காரீயத் துகளும் பசைப் புகையும் உணவுப் பொருளுக்கு அருகில் வரக் கூடாதவை.

கேட்க வேண்டிய கேள்விகள்

'போர்டு போச்சு' என்று சொன்னால் பணிவாகவே கேட்கலாம்:

1. போர்டில் எந்தப் பாகம் போயிருக்கிறது? மின்சாரம் வரும் பகுதியா, எடையை எண்ணாக்கும் ஐ.சி.யா, அல்லது எண் காட்டும் பகுதியா?

2. லோடு செல்லைத் தனியாகச் சோதித்தீர்களா? லோடு செல் கெட்டிருந்தால் போர்டை மாற்றியும் பயனில்லை.

3. அந்தப் பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா? அதற்குக் கூலி எவ்வளவு, புது போர்டுக்கு எவ்வளவு?

4. மாற்றியபின் சோதனை எடைக்கற்கள் வைத்துத் திரும்ப அளவு திருத்தம் செய்து தருவீர்களா?

5. கழற்றிய பழைய பாகத்தைக் காட்ட முடியுமா?

இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்பவர் வேலை தெரிந்தவர். மின்சாரப் பகுதியில் உள்ள ஒரு டயோடோ, ரெகுலேட்டரோ போயிருந்தால் மாற்றுவது பெரும்பாலும் சிறு செலவில் முடியும். தண்ணீரில் ஊறிப் பல பாதைகள் அரித்துப்போன போர்டு என்றால் புதிது வாங்குவதே புத்திசாலித்தனம். இரண்டையும் பிரித்துச் சொல்பவரே நமக்கு வேண்டியவர்.

முத்திரை இல்லாத தராசு தராசே அல்ல

இப்போது சட்டத்துக்கு வருவோம். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 என்பது 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 23-ஆம் பிரிவின்படி, எடையளவுக் கருவியைத் தயாரிக்கவோ, பழுது பார்க்கவோ, விற்கவோ உரிமம் வேண்டும். 24-ஆம் பிரிவின்படி, வியாபாரத்தில் பயன்படுத்தும் கருவி சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறு முத்திரை தேவை. இடையில் பழுது பார்த்தால், தவணை வராவிட்டாலும் திரும்பச் சரிபார்த்து முத்திரை பெற்ற பின்பே பயன்படுத்த வேண்டும்.

செல்போன் கடைத் தம்பிக்குச் சூடான காற்று வேலை கைவந்த கலையாக இருக்கலாம். ஆனால் தராசைத் திறக்க அவருக்கு உரிமம் கிடையாது. உரிமம் உள்ளவரிடம் பல நேரங்களில் இந்தக் கருவி இருப்பதில்லை. அதனால்தான் அவர் முழு போர்டையே மாற்றச் சொல்கிறார். சரியான வழி, உரிமம் பெற்றவர் சீலைத் திறந்து போர்டை எடுத்து, தேவையானால் கைத்தேர்ந்தவரிடம் கொடுத்து வேலை வாங்கி, தாமே பூட்டி, அளவு திருத்தி, அதிகாரியிடம் முத்திரைக்குக் கொண்டுசெல்வதுதான். பொறுப்பு ஒரே ஆளிடம் நிற்கும்.

நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. அம்பகரத்தூரிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் தமிழ்நாட்டின் திருவாரூர் மாவட்டம் வந்துவிடும். பழுது பார்ப்பவர் பேரளத்திலோ பூந்தோட்டத்திலோ இருக்கலாம். அங்கே எடையளவு நிர்வாகம் தமிழ்நாடு தொழிலாளர் துறையின் பொறுப்பு. நம் கடை இருப்பதோ புதுச்சேரி யூனியன் பிரதேசம். உரிமம் அந்தந்த அரசு தருவது. எல்லை தாண்டித் தராசைக் கொடுக்குமுன், காரைக்காலில் உள்ள எடையளவு அதிகாரியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வேலை எங்கே நடந்தாலும், கடைக்குத் திரும்பிய தராசுக்கு நம் பகுதி முத்திரை இருக்கிறதா என்று பார்த்தே பயன்படுத்துங்கள். இதில் அறிவியலும் உண்டு. பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மிகச் சிறிதளவு மாறும். தில்லியில் அளவு திருத்திய தராசை அப்படியே காரைக்காலில் வைத்தால், பத்துக் கிலோவுக்குச் சில கிராம் குறைத்துக் காட்டும்.

கடைக்கு வந்ததும் நாமே பார்ப்பது எப்படி?

முத்திரையுள்ள எடைக்கல் ஒரு தொகுதி கடையில் இருக்கட்டும். தராசைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிறகு சோதியுங்கள். வெறும் தட்டில் பூஜ்யம் நிலையாக நிற்க வேண்டும். 5 கிலோ கல்லை நடுவிலும், பிறகு நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். கல்லை எடுத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். 30 கிலோ கொள்ளளவும் 5 கிராம் படியும் உள்ள கடைத் தராசுக்கு, சரிபார்ப்பின்போது இரண்டரை கிலோ வரை இரண்டரை கிராமும், 10 கிலோ வரை 5 கிராமும், அதற்கு மேல் ஏழரை கிராமும்தான் கூடக் குறைய அனுமதி.

இதை அற்பம் என்று எண்ண வேண்டாம். 1 கிலோ என்று தராசு காட்டும்போது தட்டில் உண்மையில் 1,010 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 கிலோ நிறுத்தால் 1 கிலோ சரக்கு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 300 நாளில் 300 கிலோ, அதாவது 100 கிலோ மூட்டையில் மூன்று மூட்டை. எதிர்ப்பக்கம் தவறினாலோ அந்த மூன்று மூட்டையும் வாடிக்கையாளர் வீட்டு அடுப்பிலிருந்து நாம் எடுத்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னால் அவர் நம்புவாரா? தலைமுறையாகச் சேர்த்த கடைப் பெயரை ஒரு சரியாகப் பற்றாத ஐ.சி. கால் கெடுத்துவிடக் கூடாது.

சங்கங்கள் செய்யக் கூடியது

கருவிகள் இனிக் கூடுமே தவிரக் குறையப் போவதில்லை. பில் போடும் மெஷின், கேமரா என்று கடையெங்கும் போர்டுகள் வந்துவிட்டன. 2016-க்குப் பிறகு யு.பி.ஐ.யும், பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டியும் சேர்ந்துகொண்டன. (ஒலிப்பெட்டியை வாடகைக்கு எடுத்திருந்தால் திறக்க விடாதீர்கள். கொடுத்த நிறுவனமே மாற்றித் தர வேண்டியது அது.) தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பற்றவைப்பு வேலை பாடத்திலேயே இருக்கிறது. அப்படிப் படித்த உள்ளூர்ப் பிள்ளை ஒருவர் தராசு பழுது பார்க்க உரிமம் எடுக்க முன்வந்தால், ஊர் வணிகர்கள் சேர்ந்து தங்கள் வேலையை அவருக்கே கொடுப்பதாக உறுதி சொல்லலாம். அவருக்குப் பிழைப்பு, நமக்குப் பக்கத்திலேயே ஆள். முத்திரை முகாம் நடக்கும் நாளைச் சங்கமே முன்கூட்டி அறிந்து உறுப்பினர்களுக்குத் தெரிவித்தால் கடைசி நேர ஓட்டமும் தவிரும். ஒரு தராசு பழுதுக்குப் போகும் நாளில் கடன் கொடுக்க, முத்திரையுள்ள தராசு ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைத்திருப்பதும் பெரிய செலவல்ல.

இந்த மழைக்காலம் தொடங்குமுன் வணிகப் பெருமக்கள் ஒரு காரியம் செய்யுங்கள். தராசை உப்பு மூட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். முத்திரைச் சான்றில் உள்ள தேதியைப் பாருங்கள். 5 கிலோ கல்லை எடுத்து நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். எண் ஆடினால் அன்றே உரிமம் உள்ளவரை அழையுங்கள்.